தறிக்குழியும் வாடகை வீடும்

வாடகை வீட்டில் தறி இறக்க வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் தரையைத் தோண்ட அனுமதி கேட்க வேண்டும். காஞ்சிப் பட்டு நெசவின் பழைய வடிவம் குழித்தறி. நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். குழி இல்லாமல் அந்தத் தறி இல்லை. ஆகவே பட்டு நெசவாளர் ஒருவர் வீடு பார்க்கப் போனால் கேள்விகள் வாடகை, முன்பணம், தண்ணீர் வசதியோடு நிற்பதில்லை. முன்கூடம் எத்தனை அடி நீளம், உத்தரம் ஜக்கார்டு பெட்டியின் எடையைத் தாங்குமா, மழைக்காலத்தில் தரையில் ஈரம் ஊறுமா, காலி செய்யும்போது குழியை மூடித் தளம் போட்டுத் தருவது யார் செலவு என்றெல்லாம் பேசி முடிக்க வேண்டும்.

காஞ்சி வட்டாரத்து ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருப்புட்குழி, காஞ்சிபுரத்துக்கு மேற்கே சுமார் 13 கிலோமீட்டரில், பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது. ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடமாகத் தலபுராணம் சொல்லும் ஊர். விஜயராகவப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களுள் ஒன்று. இராமானுஜர் இளமையில் யாதவப் பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது வைணவ மரபு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை அருகிலேயே போகிறது. அயலூர்க்காரர் தங்கிப்போக ஒருவர் கட்டிவைத்த சத்திரம் பக்கத்து ஊருக்கே பெயராகிவிட்டது. வழிப்போக்கருக்குக் கூரை தருவதை அறமாகக் கொண்ட வட்டாரம் இது. கூரையின் கீழ் குடியிருப்பவரின் உடைமைக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்விக்கு இதே வட்டாரம் ஆயிரம் ஆண்டுகளாக வெவ்வேறு பதில்களைத் தேடியிருக்கிறது. அந்தத் தேடலில் ஒரு விஷயம் மாறவே இல்லை: சொத்துக்காரருக்கு முதலில் காப்பு கிடைக்கும்; குடியிருப்பவருக்குக் கடைசியில்.

பட்டு நெசவு நடக்கும் வாடகைக் கூடத்தில் பொருள்கள் ஒரே ஆளுக்குச் சொந்தமல்ல. சுவரும் கூரையும் வீட்டுக்காரருடையவை. தறியில் ஏறியிருக்கும் பாவும், பெட்டியில் இருக்கும் சரிகையும் கூட்டுறவுச் சங்கத்துடையவை, அல்லது முதலாளியுடையவை. மரச்சட்டம், அச்சு, பண்ணை, நாடா, அரிசிப் பானை, பிள்ளைகளின் புத்தகம், பீரோவில் இருக்கும் நாலு சேலை ஆகியவைதான் நெசவாளருக்குச் சொந்தம். வெள்ளமோ தீயோ வந்தால் மூன்றும் ஒன்றாகத்தான் போகும். வீட்டுக்காரரின் இழப்பு சுவரோடு நிற்கும். பட்டு போனதற்கோ நெசவாளர் பதில் சொல்ல வேண்டும். ஒரு சேலைக்கான பட்டும் சரிகையும் அதை நெய்யும் கூலியை விட மிக அதிக விலை. பெரும்பாலும் ஒரு பாவில் மூன்று சேலை. அப்படி ஒரு பாவு பாழானால், அது தனக்குச் சொந்தமில்லாத பொருளுக்காகத் தன் தலையில் ஏறும் கடன்.

இந்தக் கணக்கு வழக்கில் காஞ்சி நெசவாளர்கள் புதியவர்கள் அல்லர். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடு, 10ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்துக் கச்சிப்பேட்டைப் பற்றிப் பேசுகிறது. கோயிலின் பொன்னை நகரத்துச் சேரிகளில் முதலாக வைத்து, வரும் வட்டியில் வழிபாடு நடத்த ஏற்பாடு. கம்புழான்பாடி, ஆதிமானப்பாடி போன்ற நெசவாளர் சேரிகள் அந்தப் பொறுப்பில் பங்கேற்றன. கோயில் கணக்கை மேற்பார்வை பார்க்கும் வேலையும் நெசவாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. மாற்றாக அவர்களுக்குச் சில வரிவிலக்குகள். கோயில் பணத்துக்கு இத்தனை பாதுகாப்பு: முதல் குறையக் கூடாது, வட்டி தவறக் கூடாது, கணக்கு ஆண்டுதோறும் பார்க்கப்பட வேண்டும். பொறுப்பேற்றவர்கள் வீட்டில் தீப்பிடித்தால் யார் ஈடு தருவார் என்பதற்கு அந்தச் செப்பேட்டில் இடமில்லை. அந்தக் காலத்தில் அதற்குப் பொறுப்பு சேரியும் உறவும்தான்.

விஜயநகரக் காலத்தில் கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகத் தெருக்களில் நெசவாளர்களான கைக்கோளர் குடியேற்றப்பட்டனர். அவர்கள் கோயில் மனையில் குடியிருந்து தறிக்கு வரி கட்டினார்கள். கல்வெட்டுகளில் வரும் தறியிறை என்ற வரி இதுதான். வரி தாங்க முடியாமல் போனபோது அவர்கள் எடுத்த ஆயுதம் ஊரை விட்டுக் கிளம்புவது. தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றலாம். வயலை ஏற்ற முடியாது. ஆகவே அரசரும் கோயிலாரும் வரியைக் குறைத்து, சில ஆண்டுகள் தள்ளுபடி தந்து, திரும்ப வரவழைத்த செய்திகளும் கல்வெட்டில் உண்டு. வாடகைக் குடியின் மிகப் பழைய பேரம் இது. வீடு தன்னுடையதல்ல என்பதே அப்போது நெசவாளருக்குப் பலமாக இருந்தது.

சென்னைப் பட்டணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியும் நெசவாளரைக் குடியேற்றும் அதே வழியில் போனது. 1719 வாக்கில் கவர்னர் ஜோசப் காலட், திருவொற்றியூர் அருகே நெசவாளருக்காக ஒரு குடியிருப்பை உருவாக்கினார். அது இன்று காலடிப்பேட்டை. 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் வணிகர் சுங்குராமரின் தோட்டத்தில் சிந்தாதிரிப்பேட்டை எழுந்தது. நூற்பவர், நெய்பவர், சாயமிடுபவர் குடியேற நிலமும் கடனும் தரப்பட்டன. ஆனால் கம்பெனிக்குத் துணி வேண்டும். முன்பணம் கொடுத்துத் துணியைக் கட்டிப்போடும் முறை வேரூன்றியது. முன்பணம் வாங்கிய நெசவாளர் இனி வண்டி கட்டிக்கொண்டு கிளம்ப முடியாது. பழைய பலம் அங்கே போயிற்று. காஞ்சியில் இன்றும் தறிக்காரர் முதலாளியிடம் வாங்கும் முன்பணம் இதன் வழித்தோன்றல்தான். தறி பழுதானாலும் வீட்டில் சாவு விழுந்தாலும் கூரை பிய்ந்தாலும் அவர் கை நீட்டுவது அந்த ஒரே இடத்தில். அவசரத்துக்கு அது காப்பீடு போலத் தோன்றும். ஆனால் அதற்குக் கட்டும் பிரீமியம் தன் கூலியைப் பேசி வாங்கும் சுதந்திரம். இதை விட விலை உயர்ந்த காப்பீடு வேறெதுவும் இருக்க முடியாது.

இங்கே கொஞ்சம் லண்டன் பக்கம் பார்க்க வேண்டும். 1666இல் அந்நகரம் எரிந்த பிறகு, 1680 வாக்கில் நிக்கோலஸ் பார்பன் தீக்காப்பீட்டு அலுவலகம் தொடங்கினார். அவர் காப்பளித்தது கட்டடத்துக்கு மட்டும். செங்கல் வீடானால் ஆண்டு வாடகை மதிப்பில் இரண்டரை சதவீதம். மர வீடானால் அதுபோல் இரண்டு மடங்கு. வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கும் சரக்குக்கும் காப்பு கிடைக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1708இல் சார்லஸ் போவி என்பவர் அதைத் தொடங்க, 1710இல் சன் ஃபயர் ஆபீஸ் அதை எடுத்து வளர்த்தது. அதன் பிறகுதான் வாடகைக்கு இருப்பவர், தன் கட்டிலுக்கும் பெட்டிக்கும் தறிக்கும் ஈடு வாங்க வழி பிறந்தது. காப்பீடு என்ற தொழில் பிறந்தபோதே அதன் கண்ணில் முதலில் பட்டது சுவர்.

இந்தியாவுக்கு அந்தத் தொழில் கப்பல் ஏறி வந்தது. 1850இல் கல்கத்தாவில் ட்ரைட்டன் இன்சூரன்ஸ். 1907இல் பம்பாயில் இந்தியன் மெர்க்கன்டைல். அவர்கள் பார்த்தது துறைமுகக் கிடங்கும் பஞ்சு மூட்டையும் ஆலையும். ஓலைக்கூரை வீட்டின் கூடத்தில் நாலு மரச்சட்டமும் ஒரு பாவும் இருப்பதற்குப் பாலிசி எழுத எந்த ஏஜென்ட் சைக்கிள் மிதித்து வருவார்?

ஆகவே காஞ்சி தனக்கான வழியைத் தானே கண்டது. இதைப் பெருமையோடு சொல்லலாம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும், அதே ஆண்டு அக்டோபரில், நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். சட்டப்படி முதலில் பதிவான கிராமக் கடன் சங்கமும் தொலைவில் இல்லை, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் இருந்தது. இதற்குப் பின்னால் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியின் உழைப்பு இருந்தது. சென்னை மாகாணத்தில் விவசாய வங்கிகள் சாத்தியமா என்று அரசு ஆராயச் சொன்னபோது அவர் ஐரோப்பியச் சங்கங்களை மட்டும் படிக்கவில்லை. இங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ‘நிதி’ என்ற சேமிப்பு, கடன் அமைப்புகளையும் பார்த்தார். மயிலாப்பூர் இந்து பர்மனென்ட் ஃபண்ட் 1872லேயே தொடங்கிவிட்டிருந்தது. அதற்கும் முன்பிருந்தே தெருவுக்குத் தெரு சீட்டு.

ஏலச்சீட்டின் நுணுக்கம் காப்பீட்டை ஒட்டிய ஒன்று. இருபது பேர் மாதாமாதம் ஒரு தொகை போடுகிறார்கள். யாருக்கு அவசரமோ அவர் தள்ளி ஏலம் கேட்டு எடுக்கிறார். தள்ளிய தொகை மற்றவருக்குக் கழிவாகப் பிரிகிறது. நெசவாளர் தெருவில் இந்தக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். மழை மாதங்களில், ஐப்பசி கார்த்திகையில், குழியில் நீர் ஊறித் தறி நின்றுவிடும். அந்த மாதங்களில் தள்ளுபடி ஏறும். சீட்டு மழைக்காலத்தைச் சமாளிக்கும். ஆனால் தெருவே மூழ்கினால் இருபது பேருக்கும் ஒரே நாளில் அவசரம் வரும். அங்கே சீட்டு கைவிட்டுவிடும். சீட்டுக்காரர் ஊரை விட்டு ஓடும் ஆபத்து தனி. அதற்காகத்தான் 1961இல் மாநிலச் சட்டமும் 1982இல் மத்தியச் சட்டமும் வந்தன. பதிவு செய்யாமல் நடந்த சீட்டுகளுக்கு அந்தச் சட்டங்களின் காப்பு நடைமுறையில் எட்டவில்லை. நெசவாளர் தெருவில் நடந்தவற்றில் பல அந்த வகை.

சுதந்திரத்துக்குப் பிறகு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் காஞ்சியில் வலுப்பெற்றன. சங்கம் பட்டும் சரிகையும் தரும். நெசவாளர் சேலையைத் தந்து கூலி வாங்குவார். 1975 முதல் தமிழ்நாட்டில் கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம் நடக்கிறது. நிலைபெற்ற விகிதப்படி, ஒவ்வொரு ரூபாய்க் கூலியிலும் நெசவாளர் 8 காசு போட, அரசு 4 காசு சேர்க்கும். நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு. எளிமையான இந்த ஏற்பாடு, கையில் காசு தங்காத ஒரு தொழிலில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரு முதலை உருவாக்கித் தந்தது. மூலைக்கு மூலை இருக்கும் கடன் கொடுப்பவரிடம் போகாமல் தப்பிக்க முடிந்த குடும்பங்கள் பல இதைத்தான் நம்பின. சங்கத்துக்கு வெளியே தனியாரிடம் கூலிக்கு நெய்பவருக்கு இது கிடையாது. அவர்கள் எண்ணிக்கையோ சிறிதல்ல.

1973 ஜனவரி 1ஆம் தேதி பொதுக்காப்பீடு நாட்டுடைமை ஆனது. 107 நிறுவனங்கள் நான்காகத் தொகுக்கப்பட்டன. அந்த நான்கில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது யுனைடெட் இந்தியா. லாபம் மட்டுமே பார்க்காத காப்பீடு என்ற எண்ணம் அப்போதுதான் கிராமத்துக்கு வந்தது. 1988இல் குடிசைக் காப்பீட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிராமத்து ஏழைக் குடும்பத்தின் குடிசை எரிந்தால் 1,000 ரூபாய், உள்ளே இருந்த சாமானுக்கு 500 ரூபாய். பிரீமியம் முழுவதும் மத்திய அரசுடையது. தொகை மிகச் சிறிது. ஆனாலும் பானைக்கும் பாய்க்கும் தனியாக ஒரு மதிப்பை அரசுத் தாளில் எழுதியது பெரிய மாற்றம்.

அதை விட முக்கியமானது ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1997–2002) கைத்தறி நெசவாளருக்கென வந்த புதிய காப்பீட்டுத் திட்டம். யுனைடெட் இந்தியா வழியாக நடந்த அதில் வெள்ளம், தீ, நிலநடுக்கத்தால் வீட்டுக்கும் வீட்டுச் சாமானுக்கும் தறிக்கும் மூலப்பொருளுக்கும் வரும் சேதம் ஒரே பாலிசியில் அடங்கியது. பிரீமியத்தை மத்திய அரசு, மாநில அரசு, நெசவாளர் மூவரும் பகிர்ந்துகொண்டார்கள். வீடு, சாமான், தறி, பட்டு நான்கையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாகப் பார்த்த திட்டம் அது. கைத்தறி வீடு உண்மையில் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே கண்டுகொண்ட காப்பீடு என்று அதைச் சொல்ல வேண்டும்.

அது நீடிக்கவில்லை. 2005-06 அளவில் மத்திய அரசு நெசவாளர் காப்பீட்டை இரண்டு வாய்க்காலாகப் பிரித்தது. ஆயுளுக்கு எல்.ஐ.சி. நடத்திய மகாத்மா காந்தி புன்கர் பீமா யோஜனா: பின்னாளில் உயர்த்தப்பட்ட 470 ரூபாய் பிரீமியத்தில் மத்திய அரசு 290, எல்.ஐ.சி. 100, நெசவாளர் 80. மருத்துவத்துக்கு ஐசிஐசிஐ லொம்பார்டு நடத்திய உடல்நலக் காப்பீடு. எண்பது ரூபாயில் உயிருக்குக் காப்பு கிடைத்தது நல்ல காரியம். அதனால் கண்ணீர் துடைக்கப்பட்ட வீடுகள் உண்டு. ஆனால் இரண்டிலும் தறிக்கு இடமில்லை. உயிரும் உடம்பும் காப்புப் பெற்றன; அந்த உடம்பு உட்கார்ந்து வேலை செய்யும் குழி வெளியே விடப்பட்டது.

2015 டிசம்பர் அதன் விலையைக் காட்டியது. அந்த மாதத்தின் முதல் இரண்டு நாளில் சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட மழைக்குப் பிறகு அரசு நிவாரணம் கொடுத்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த குடும்பத்துக்கு 5,000 ரூபாய், குடிசை இழந்தோருக்கு 10,000. அரிசிக்கும் அடுப்புக்கும் அது உதவும். ஈரம் ஏறிச் சாயம் கலந்துபோன பாவுக்கு அது எந்த மூலைக்கு? 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோதும் கரையோர ஊர்களில் அதே கவலைதான். குழித்தறிக்கு வெள்ளம் என்றால் வாசற்படி தாண்ட வேண்டியதில்லை. நிலத்தடி நீர் ஒரு முழம் ஏறினாலே குழி கிணறாகிவிடும், மிதிகள் மிதக்கும், கயிறுகள் ஊறும், அடிமரம் உப்பும். வெளியிலிருந்து பார்த்தால் வீடு நனைந்தது போலவே தெரியாது.

வாடகைக்குடியின் சட்ட நிலையும் இதற்கிடையில் மாறிக்கொண்டே வந்தது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, கட்டுமானப் பழுதுகள் வீட்டுக்காரர் பொறுப்பு. அவை நல்ல விதிகள். தறிக்குழிக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதும் வழக்கம் மட்டும் இன்னும் பரவவில்லை. கோயில் மனையில் தன் காசில் சுவர் எழுப்பிக் குடியிருப்பவர் நிலை இன்னும் சிக்கல். மண் கோயிலுடையது, சுவர் அவருடையது. கட்டடத்துக்கும் காப்பு எடுக்க வேண்டியவர் அவர்தான். வெறும் சாமானுக்கு எடுத்தால் போதாது.

இப்போது கையில் இருக்கும் கருவி 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வடிவில் தர வேண்டிய பாரத் கிருக ரக்‌ஷா பாலிசி. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அடங்கும். சொந்த வீட்டுக்காரர் கட்டடத்துக்கு எடுத்தால் அதன் மதிப்பில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்ச ரூபாய் வரை, வீட்டுச் சாமானுக்குத் தானாகவே காப்பு சேர்ந்துவிடும். வாடகைக்கு இருப்பவர் சாமானுக்கு மட்டும் தனியாக எடுக்கலாம், ஆனால் பொருளையும் மதிப்பையும் தானே அறிவிக்க வேண்டும். 300 ஆண்டுக்கு முந்தைய லண்டனின் பழைய வரிசை இங்கேயும் தொடர்கிறது.

ஆனாலும் வாடகைக்குடிக்குச் செலவு குறைவு என்பதே இதில் பெரிய அனுகூலம். சுவருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சாமானின் மதிப்பு கட்டடத்தின் மதிப்பில் சிறு பங்கு என்பதால் பிரீமியமும் அப்படியே இறங்கும். ‘இன்சூரன்ஸ் எல்லாம் சொந்த வீட்டுக்காரங்களுக்கு’ என்று ஒதுக்கிவிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 10 ஆண்டு வரை ஒரே பாலிசியாக எடுக்க முடியும். நீண்ட காலத்துக்குப் பல நிறுவனங்கள் தள்ளுபடி தருகின்றன. நகையைச் சேர்ப்பது தனி விருப்பம். வங்கி லாக்கரிலோ அடகிலோ இருக்கும் நகைக்காக வீட்டுப் பாலிசியில் கூடுதல் பணம் கட்டுவது வீண். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இந்தப் பாலிசியில் திருட்டு என்பது வெள்ளம், தீ போன்ற விபத்து நடந்த 7 நாளுக்குள் நடக்கும் திருட்டு மட்டும். சாதாரணக் கன்னத் திருட்டுக்கு வேறு பாலிசி.

நெசவாளருக்குச் சிக்கல் வருவது தறியில். அது வீட்டுச் சாமானா, தொழில் கருவியா? பாவு யாருடைய பொருள்? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை விண்ணப்பத்திலேயே எழுதி, நிறுவனம் ஏற்றுக்கொண்டதா என்று பாலிசித் தாளில் பார்த்துக்கொள்ளாமல் பணம் கட்டினால், இழப்பு நேரும் நாளில் அந்தக் கேள்வி சர்வேயர் வாயிலிருந்து வரும். அதே 2021 ஏப்ரல் 1 அன்று சிறுதொழிலுக்கென்று பாரத் சூட்சம உத்யம் சுரக்‌ஷா என்ற இன்னொரு பாலிசியும் வந்தது. ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள கருவி, சரக்குக்கு அது. ஒற்றைத் தறிக்காரர் தனியாகப் போய் அதை எடுப்பது நடக்கிற காரியமல்ல. சங்கம் எடுக்கலாம். எந்த உறுப்பினர் வீட்டில் எத்தனை பாவு, எவ்வளவு சரிகை இருக்கிறது என்று கிராம் கணக்கில் எழுதிய பேரேடு சங்கத்தில் ஏற்கெனவே இருக்கிறது. எடை போட்டுத்தான் பட்டைக் கொடுக்கிறார்கள், எடை போட்டுத்தான் சேலையை வாங்குகிறார்கள். காப்பீட்டுக்காரர் கேட்கும் ஆதாரம் இதை விடத் துல்லியமாக எந்தச் சிறுதொழிலிலும் கிடைக்காது. உறுப்பினர்களின் தறிகளையும் அந்தப் பேரேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்து, மொத்தமாகப் பேசினால் விலையும் இறங்கும். 8 காசும் 4 காசும் பிடிக்கத் தெரிந்த அமைப்புக்கு இன்னொரு காசு பிடிப்பது கடினமல்ல. தனியார் முதலாளிகளிடம் நெய்பவர்களுக்கும் இதைப் போல ஒரு வழியைக் கைத்தறித் துறை திறந்துவிட வேண்டும். தொண்ணூறுகளில் அரசே பிரீமியத்தில் பங்கு போட்ட முன்மாதிரி கையிலேயே இருக்கிறது.